துறுதுறுவும் தகர விளிம்பும்

என் சின்னம்மாவுக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் வெல்டர். இடிபட்ட, துருப்பிடித்த கார்களை ஒட்டி நிமிர்த்தித் தருகிற பட்டறை அவனுடையது. இளையவளைக் கட்டிக்கொண்டவரைத்தான் அந்தப் பட்டறையே துறுதுறு என்று கூப்பிடும். காரணத்தை யாரிடமும் கேட்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தால் தெரிந்துவிடும். நாம் ஊதிக்கொண்டிருக்கும்போதே அவர் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிவிட்டு, நம்முடையதற்கும் கையை நீட்டியபடி நிற்பார்.

வெல்டிங்குக்கு முன்னால் தகரத்தைத் தயார் செய்வது அவர் வேலை. பெயிண்ட், துரு எல்லாவற்றையும் உரித்து, ஒட்டப்போகிற விளிம்பை வெறும் இரும்பாக்கித் தர வேண்டும். அழுக்கு மிஞ்சினால் வெல்டிங் பொரியும், பிடிக்காது. அதிகமாகத் தேய்த்துவிட்டாலோ தகரம் மெலிந்து, சூடு பட்டதும் ஓட்டை. காரின் தகரம் என்ன, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு கார்களில் ஓட்டை விழுந்தது. இரண்டும் துறுதுறு தேய்த்த இடம். அதற்குப் பிறகு வந்தது ஒரு நர்ஸம்மாவின் கார். கதவுக்குக் கீழே, காலெடுத்து வைத்து ஏறுகிற இடத்துப் பட்டை உளுத்து உதிர்ந்திருந்தது. கெட்டுப்போன பாகத்தை அறுத்தெடுத்த வெல்டர், தங்கை புருஷனைத் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ள, இதுலயும் ஓட்டை விழுந்துச்சுன்னா நீங்க பெயிண்ட் பக்கம் போயிடுங்க."

"என்ன மச்சான், பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பொசுக்குன்னு விழுறது ஓட்டைதான். ஒட்டு மேல ஒட்டுப் போட்டு எனக்குக் கை விட்டுப்போச்சு."

அந்தப் பக்கமிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தான். "வாங்க, வாங்க! ஒரு கோட்டு அடிச்சுட்டு, காயுற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காரணும். அப்புறம் இன்னொரு கோட்டு. மறுபடியும் உக்காரணும். சொகமான வேலை!"

துறுதுறுவைச் சும்மா உட்காரச் சொல்வதும் மூச்சை நிறுத்தச் சொல்வதும் ஒன்றுதான்.

அலமாரியைத் திறந்து இருந்ததையெல்லாம் ஒரு சாக்கின் மேல் பரப்பினார். கை தானாகக் கல்லுக்குப் போனது. கையில் பிடித்துத் தேய்க்கும் கிரைண்டரில் மாட்டுகிற கெட்டிக் கல். வைத்த மாத்திரத்தில் பெயிண்டைச் சீவும், கூடவே இரும்பையும் சீவும். மாட்டினார், சுற்றவிட்டார், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அணைத்துக் கழற்றினார். கிண்ணம்போன்ற கம்பிக் கப்பை மாட்டினார். அதுவும் வேகம்தான், ஆனால் துருக்குழிகளின் மேல் மெருகேற்றிவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் கண்ணாடி, உள்ளே அதே துரு. அதையும் கழற்றினார். உப்புத்தாளை மடிப்பு மடிப்பாக அடுக்கிய வட்டை மாட்டினார். அதுவும் பழையபடி சாக்குக்கே திரும்பியது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி இதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, கடை போட்டிருக்கீங்களா?"

"எதை எடுத்தாலும் ஓட்டை விழுமோன்னு இருக்குடி. உங்க அண்ணன் என்னை பெயிண்ட் பக்கம் தள்ளிடுவாரு."

"வீட்டுல நீங்க தேய்ச்ச சட்டிக்கும் இதே கதிதான். இப்பக் கைப்பிடி மட்டும்தான் மிச்சம்."

"அந்தக் கம்பி நார் சரியில்ல."

"நாரு என்ன பண்ணும்? சுத்தமான சட்டியைத்தான் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்க. சோறு வேகுற வரைக்கும் உங்க கைக்கு ஒரு வேலை வேணுமே!"

துறுதுறு கறுப்பாகப் பஞ்சுபோல் இருக்கும் நைலான் சக்கரத்தை எடுத்தார். மெதுவான சாமான். பெயிண்டை உரிக்கும், இரும்பைக் கடிக்காது. வெளி விளிம்புக்கு அது. கை நுழையாத உள் மடிப்புக்கு உப்புத்தாள் பட்டை சுற்றுகிற, விரல் அகல பெல்ட் மெஷின். மூலைக்கு, கையால் தேய்க்கும் கம்பி பிரஷ். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். கை நிதானமாகப் போக, கால் மட்டும் தாளம் போட்டது. கடைசியில் தின்னர் துணியால் துடைத்தபோது விளிம்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம். குறை சொல்ல இடமில்லை.

வெல்டர் வந்தான், புதுத் தகரத்தைப் பொருத்தினான், முகமூடியை இறக்கினான். பொறி ரெண்டு தெறித்ததோடு சரி. காஸ் தீர்ந்துவிட்டது.

"சிலிண்டர் எடுத்துட்டு வந்துடறேன். யாரும் தொடாதீங்க."

அவன் தலை மறைந்ததும் துறுதுறுவுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதுபோல் தெரிந்தது. துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாகிவிடும். கல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. எடுத்து மாட்டியும் விட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன இரண்டு கார்களிலும் இப்படித்தான். முதலில் தேய்த்தது சரியாகவே இருந்தது. மச்சான் சாப்பிடப் போன நேரத்தில், போன் பேசப் போன நேரத்தில், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று போட்டதுதான் ஓட்டையானது.

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, கிரைண்டரை, சாப்பாட்டுப் பாத்திரத்துக்காகக் காத்திருந்த மனைவியின் பைக்குள் திணித்தார்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

"சோறு கொண்டுவந்தவகிட்ட இரும்பைக் குடுத்து அனுப்புறீங்களே!"

"போடி, முதல்ல போ. அந்த பெல்ட் மெஷினையும் எடுத்துக்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். துறுதுறுவின் கையில் மிஞ்சியது கம்பி பிரஷ் ஒன்றுதான். காரின் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். அங்கே பட்டறையின் பச்சை இரும்புக் கேட் நின்றது.

கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் அலறினான். "யோவ், அது நான் அடிச்ச பெயிண்ட்டுய்யா!"

"துரு இருந்துச்சு."

"எங்கய்யா இருந்துச்சு?"

"இனிமே வரும்."

வெல்டர் சிலிண்டரோடு திரும்பியபோது, கேட்டின் ஒரு கதவு ஆள் உயரத்துக்கு உரிந்து நின்றது. அதைப் பார்த்தான். தலையெல்லாம் பச்சைத் தூளாக நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தான். காருக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு நெடுக விரலால் அழுத்திக்கொண்டே போனான். மெலிந்த இடமாக இருந்தால் டொக்கென்று உள்ளே போகும். எங்கேயும் போகவில்லை.

முகமூடி இறங்கியது. நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. துறுதுறு பார்க்கமாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். ஒட்டு ஒட்டாக மறு முனைவரை வந்து சேர்ந்தது. ஒரு ஓட்டை இல்லை.

வெல்டர் எழுந்து இடுப்பை நிமிர்த்தினான்.

"மாப்ள, நாளைக்கு ஒரு கதவு வருது. விளிம்பை நீங்களே பாருங்க."

"சரி மச்சான்."

"அதை முடிச்சுட்டு நேரா வாசலுக்குப் போயிடுங்க. கேட்டுல இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."