இராஜேஸ்வரி பிரேக் போட்ட புதன்கிழமை

ஆட்டத்தின் நடுவே இராஜேஸ்வரி தன் சக்கர நாற்காலியின் பிரேக்கை இழுத்துவிட்டார். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ரஞ்சினியின் வயிறு நாற்காலியின் முதுகில் இடித்தது. அடுத்து வந்த நாற்காலியின் கால் வைக்கும் தட்டு ரஞ்சினியின் குதிகாலில் முட்டியது. எட்டு நாற்காலிகளும் கலைந்து நின்றன. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அன்ரி, சில்லு இறுகிப்போச்சோ?"

"சில்லு நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிப்பாட்டினனான்."

"ஏன்?"

"நான் எங்க போறன் எண்டு எனக்குத் தெரியேல்லை. உனக்குத் தெரியுமே?"

"ஓம். வலப்பக்கத்தால சுத்தி, திரும்பி எங்கட இடத்துக்கு."

"அப்ப நீ போய் ஆடு பிள்ளை. நான் இதில இருந்து பாக்கிறன்."

சிட்னியின் புறநகரான டூங்கபிக்குப் பக்கத்திலுள்ள அந்த முதியோர் இல்லத்தில் புதன்கிழமை காலைகளில் ஸ்குவேர் டான்ஸ் நடக்கும். நான்கு சோடிகள் சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நிற்பார்கள். அடுத்து யார் எங்கே போக வேண்டும் என்பதை ஒருவர் தாளத்தோடு சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்லச் சொல்ல ஆடுகிறவர்கள் நகர வேண்டும். அங்கே சொல்கிறவர் கெவின், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். ஆடுகிறவர்கள் எல்லாரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் தள்ளுவதற்கு ஒருவர்.

கெவின் நல்ல மனிதர். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாக, நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். தள்ளுகிறவர்கள் கேட்டார்கள், திரும்பினார்கள், பிழை விட்டார்கள், சிரித்தார்கள். ஆடியவர்கள் அவர்கள்தான். நாற்காலியில் இருந்தவர்கள் ஆட்டத்தின் சுமை.

கருணையுள்ளவர்கள் அனுமதி கேட்பதில்லை. அது இராஜேஸ்வரிக்கு நான்கு வயதிலிருந்தே தெரியும். போலியோ தடுப்பு மருந்து வருவதற்கு முன்பே காய்ச்சல் வந்து இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. முற்பிறப்பில் யாரையோ உதைத்திருப்பாள் என்று பெரியம்மா சொன்னார். மருந்து கிடைக்காத குழந்தையின் மேல் முற்பிறப்பின் குற்றத்தைச் சுமத்தியவரும் தன்னைக் கருணையுள்ளவர் என்றுதான் நினைத்திருந்தார். கலியாண வீடுகளில் இராஜேஸ்வரியைக் கேளாமலேயே தூக்கிப்போய் மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். பந்தி முடிந்ததும் கேளாமலேயே தூக்கி வந்தார்கள்.

சிட்னிக்கு வந்தபின் இருபது வருடம் தொலைபேசியில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர் ஒரு முனையில், தமிழர் மறுமுனையில், நடுவே இவர். அந்த வேலைக்கு ஒரே விதிதான்: சொன்னதைக் கூட்டாதே, குறைக்காதே, சொல்லாததைச் சொல்லாதே. அழுகிறவர்களுக்காகக்கூட அவர் ஒரு சொல்லைச் சேர்த்ததில்லை. அந்தக் காலத்தில் நாற்காலியைத் தானே உருட்டினார். தோள்மூட்டுகள் தேய்ந்துபோன பிறகுதான் பிறர் கை வேண்டியதாயிற்று.

அன்று மாலை இல்லத்தின் முகாமையாளர் ஒரு படிவத்தோடு வந்தார். மோதல் நடந்தால் அவர் அதை எழுதி மேலே அனுப்ப வேண்டும். இன்னொருமுறை இப்படிச் செய்தால் ஆட்டத்தில் சேர்க்க முடியாது என்றார்.

"தள்ளுகிறவர் தள்ளப்படுகிறவர் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ஒரு புதன்கிழமை அப்படி நடத்திப் பாருங்கள்" என்று இராஜேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டார்.

முகாமையாளர் நிபந்தனை போட்டார். ஒரே ஒரு புதன்கிழமை. ஒரு நாற்காலி மோதினாலும் பழைய முறைதான். அப்போது இராஜேஸ்வரி ஆட்டத்தில் சேராமல் சுவரோரம் இருந்து பார்க்க வேண்டியதுதான். இருவரும் சம்மதித்தார்கள்.

அடுத்த புதன்கிழமை இராஜேஸ்வரி எல்லாருக்கும் விதியைச் சொன்னார். தள்ளுகிறவர்கள் கெவின் சொல்வதைக் கேட்டு நகரவே கூடாது. நாற்காலியில் இருப்பவர் அதைக் கேட்டு, "இடம்", "வலம்", "நேரே", "நில்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சில்லு உருளலாம்.

"இருக்கிறவை நித்திரையாப் போனா?" என்றார் ரஞ்சினி.

"நித்திரை கொள்ள விடு."

கெவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். முதன்முறையாகத் தாழக் குனிந்து பார்த்துச் சொன்னார். எதிர்ப்பக்கம் இருந்த கார்மேலா என்ற இத்தாலிய மூதாட்டி, தொண்ணூறு வயதில், கப்பல் தலைவரைப் போலக் கட்டளையிட்டார். முகாமையாளர் வாசலில் கைகட்டி நின்றார்.

முதல் சுற்றில் எதிர்ப்பக்கத்தவர் மட்டும் ஆடினார்கள். இரண்டாவது சுற்றில், எல்லாச் சோடிகளும் ஒருவரையொருவர் சுற்றிவர வேண்டும் என்றார் கெவின். இராஜேஸ்வரியின் சோடி நரசிம்மன். சென்னையிலிருந்து மகளிடம் வந்தவர், பாலங்களுக்கு வரைபடம் போட்ட பொறியாளர். பக்கவாதத்துக்குப் பிறகு எல்லாம் விளங்கும், பேச வராது. வலக்கையும் எழாது. அவர் அசையவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற நௌஃபல், வேலையில்லாத நாட்களில் உதவிக்கு வரும் மருந்தாளர், அவரும் அசையவில்லை.

"தம்பி, தள்ளுங்கோ" என்றார் இராஜேஸ்வரி. "அவர் எங்க போகோணும் எண்டு எனக்குத் தெரியும்."

"நீங்கதானே அன்ரி சொன்னீங்க, அவர் சொல்லாம தள்ளக் கூடாது எண்டு."

இராஜேஸ்வரிக்கு முகம் சுட்டது. வாய் உள்ளவர்களுக்கு மட்டும் விதி செய்துவிட்டு, வாய் இல்லாதவருக்காகத் தானே முடிவும் செய்திருக்கிறார். பெரியம்மா செய்ததும் இதுதானே.

கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். ரஞ்சினியிடம் சொல்லி நரசிம்மனுக்கு நேரே வந்தார்.

"நான் பிழை விட்டிட்டன். விதி போடமுந்தி உங்களைக் கேட்டிருக்கோணும். வாயால சொல்ல வேண்டாம். எப்பிடிச் சொல்லப்போறீங்கள்?"

நரசிம்மன் இடக்கையைப் பார்த்தார். கைப்பிடியில் விரலைச் சாய்த்தார். பிறகு தலையை அசைத்து அந்த யோசனையைத் தள்ளிவிட்டார். பின்னால் நிற்பவருக்கு அது தெரியாது. கையைக் காதுவரை உயர்த்தினார். விரல் வெளியே நீண்டால் இடம். தலைப்பக்கம் மடங்கினால் வலம். முன்னே காட்டினால் நேரே. விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் நில். மூன்று நிமிடத்தில் ஒரு மொழி செய்து முடித்திருந்தார். நௌஃபல் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்தார்.

பாட்டு மறுபடி தொடங்கியது. கெவினின் அழைப்பு வலது. நரசிம்மனின் விரல் வெளியே நீண்டது. அது இடது என்று நௌஃபலுக்கும் தெரியும், அழைப்பு வேறு என்றும் தெரியும். ஆனாலும் நரசிம்மன் காட்டியபடியே இடப்பக்கம் திருப்பினார். அங்கே கார்மேலா நேரே வந்துகொண்டிருந்தார். வாசலில் முகாமையாளரின் கைகள் கட்டவிழ்ந்தன.

"நில்" என்றார் கார்மேலா. அவருடைய நாற்காலி நின்றது. நரசிம்மனின் கை முட்டியாகியது. அவருடையதும் நின்றது. இரண்டு கால்தட்டுகளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பின்னால் வந்த நாற்காலிகளில் இருந்தவர்களும் கண்டு, சொல்லி, நிறுத்தினார்கள். எட்டுப் பேரும் முன்னே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

"ஐயா பிழையாத் திரும்பீட்டார்" என்றார் ரஞ்சினி.

"ஓம். அது அவரின்ர பிழை. நீ கதைக்காத."

நரசிம்மனின் உடல் குலுங்கியது. நௌஃபல் பதறிக் குனிந்து பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்த ஒன்றரை வருடமாக அவர் எந்தப் பிழையும் செய்திருக்கவில்லை. செய்ய யாரும் விடவில்லை.

முகாமையாளர் நடுவே வந்து, தரையில் குந்தி, இராஜேஸ்வரியின் முகத்துக்கு நேரே பேசினார். மோதல் எதுவும் நடக்கவில்லை, படிவத்தில் எழுத ஒன்றுமில்லை, இனி இப்படியே நடக்கட்டும் என்றார். மற்றவர்களுக்கும் சம்மதமா என்று கேட்டார்.

"அதை அவர்களிடம் கேளுங்கள்" என்றார் இராஜேஸ்வரி.

முகாமையாளர் ஏழு பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டார். கார்மேலா, பாட்டை இன்னும் சத்தமாகப் போடுவதானால் சம்மதம் என்றார். கடைசியாக நரசிம்மன். அவர் கையைக் காதுவரை உயர்த்தி, ஒரு விரலை நேரே முன்னே நீட்டினார்.

கெவின் பாட்டைப் போட்டார்.