துப்பாக்கியில் ஏறிய குச்சிப்பூச்சி

யுத்த காலத்தில் இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் விஞ்ஞான டீச்சரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஆள் நெடுநெடுவென்று மெலிந்திருப்பார். மடியில் எப்போதும் ஒரு சப்பாத்துப் பெட்டி, அதற்குள் கொய்யா இலைகளும் குச்சிப்பூச்சிகளும். போத்தல் தண்ணீரை விரலால் தொட்டு இலைமேல் தெளித்துக்கொண்டே வருவார். அந்தத் துளிகளைத்தான் அவை குடிக்குமாம்.

"எல்லாம் பொம்பளைங்க. ஆம்பளை இல்லாமலே முட்டை போடுவாங்க" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

ஒருநாள் சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்த சிப்பாய், டீச்சரிடம் வந்ததும் முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குனிந்தான். இலையைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவன் துப்பாக்கிக் குழலில் ஒரு குச்சி நின்று, காற்றில் இலை ஆடுவதுபோல் ஆடியது.

"ஐயோ மிஸ், எடுங்க!" என்று சிங்களத்தில் அலறினான்.

"அசையாதீங்க! இழுத்தா கால் கழண்டுரும். அதுவா என் கைக்கு வரட்டும்" என்றார் டீச்சரும் சிங்களத்திலேயே.

தினமும் நாங்கள் அசையாமல் நிற்கும் இடத்தில் அன்று அவன் மூச்சுவிடாமல் நின்றான். வரிசையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு விக்கல் வந்துவிட்டது. பூச்சி இறங்கியதும், மிச்சப் பேரின் அட்டைகளைப் பார்க்காமலே எங்களைப் பஸ்ஸுக்குத் துரத்தினான்.

பஸ் நகர்ந்ததும் டீச்சர் என் காதில், "ஐடென்டிகார்ட வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேங்க" என்றார்.

"அப்ப அந்தப் பூச்சி தானாத்தான் ஏறிச்சா டீச்சர்?"

அவர் பெட்டியைத் திறந்து தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார்.