உள்ளே அனுப்புகிறவர்

கேன்டீனில் முதல் வாய் எடுத்து வைத்தவரின் தோளில் கை விழுகிறது. "சாப்பாடு எங்கயும் ஓடிடாது, எந்திரிங்க" என்கிறார் கொறடா. ஆளுங்கட்சி உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து, ஓட்டெடுப்புக்குச் சபைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அடுத்து நூலகம். பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குகிற பெரியவரைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுவிடுகிறார். பின்வாசல் வழியாக யாராவது கம்பி நீட்டப் பார்த்தால் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

முன்பு பஸ் கண்டக்டர். தொழிற்சங்கத்திலிருந்து தேர்தலுக்கு வந்தவர், தோற்றதே இல்லை. ஆனாலும் கொறடா நாற்காலியைத் தாண்டியதும் இல்லை. இன்றும் சபை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்கிறார். மந்திரிகளே முனகிக்கொண்டு நகர்கிறார்கள். சபைச் செய்தி எழுதுகிற நான், அங்கே அவர் பேசிக் கேட்டதில்லை. மைக்கைப் பிடிக்காத அரசியல்வாதி கிடைத்தால் விடுவேனா? பின்னாலேயே சுற்றினேன்.

வீட்டிலும் மேஜையில் எத்தனை பேர் என்று பார்க்காமல் தட்டில் கை வைக்க மாட்டார். எங்கள் தலையை எண்ணுவாரே தவிர எங்கள் ஓட்டைக் கேட்டதில்லை என்று மனைவி கிண்டலடிக்கிறார். ஆனால் இந்த முறை அந்த அம்மாள் முகத்தில் ஒரு பூரிப்பு. போக்குவரத்து மசோதா நிறைவேறினால் இவரை அந்தத் துறைக்கே மந்திரி ஆக்குவதாக முதல்வர் சொல்லியிருந்தார். இவரும் மறைக்கவில்லை. "ஆசைதாங்க. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிடும்."

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் எதிர்க்கட்சிக் கொறடா இவரைத் தேடி வந்தார். கறாரான பெண்மணி, சபையில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். தன் கட்சி உறுப்பினர் ஒருவரின் மனைவிக்கு நாளை இதய ஆபரேஷன், அவர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார். இப்படிப்பட்ட சமயத்தில் இரண்டு கட்சியும் ஆளுக்கு ஒருவரை வெளியே நிறுத்திச் சரிக்கட்டுவது அங்கே வழக்கம். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். "எங்க ஆள் ஒருத்தரை வெளிய நிறுத்திடறேன். அவரைக் கவலைப்படாம போகச் சொல்லுங்கக்கா" என்றார் இவர். ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல். ஆளுக்கு ஒருவர் விலகினாலும் அது அப்படியே இருக்கும் என்ற தைரியம்.

மறுநாள் காலையிலேயே அந்தத் தைரியம் போயிற்று. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் முதல்வரோடு முறைத்துக்கொண்டு, வரவே மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இப்போது இரண்டு பக்கமும் சமம். சமமென்றால் மசோதா விழுந்துவிடும். முதல்வர் கொறடாவை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே நிறுத்திய ஆளையும் உள்ளே கொண்டு வா, ஆஸ்பத்திரியில் இருக்கிறவன் பறந்தா வரப் போகிறான் என்றாராம். அறை வாசலில் இருந்த உதவியாளர்தான் எனக்குச் சொன்னார்.

"சொல்லிட்டேங்க" என்றாராம் கொறடா.

"யாருகிட்ட? எதிரிகிட்டதானே?"

வெளியே வந்தவரின் முகம் பேயறைந்தது போல் இருந்தது. மந்திரி பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும்.

மணி அடித்தது. அது நின்றதும் சபைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு யாரும் உள்ளே போய் ஓட்டுப் போட முடியாது. வெளியே நிற்க ஒப்புக்கொண்டிருந்த உறுப்பினர், முதல்வர் கையசைத்ததும் இவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கொறடா தடுக்கவில்லை. எல்லாரையும் வழக்கம்போல அனுப்பினார். எதிர்வரிசையில் எதிர்க்கட்சிக் கொறடா, உள்ளே வந்தவரைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற இவரைப் பார்த்தார். முதல்வரும் முன்வரிசையிலிருந்து திரும்பி, சீக்கிரம் வா என்று தலையசைத்தார்.

மணி நின்றது. காவலாளி, இவர் உள்ளே நுழையட்டும் என்று கதவருகே காத்திருந்தார். கொறடா ஓரடி பின்னால் வைத்தார். வராந்தாவில் நின்றபடியே கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.