கண்ணாடி அலமாரிக் கையுறைகள்

பட்டறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கன்னத்தக்கா. மின்சார வண்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் தடித்த ரப்பர் கையுறைகளைச் சோதிப்பது அவள் வேலை. மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல் விரலாக அமுக்கிக் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பாள். கண்ணுக்குத் தப்பும் ஓட்டை கன்னத்துக்குத் தப்பாது. சோதனைக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியும் மின்சாரம் பாய்ச்சும் இயந்திரமும் உண்டு. இருந்தாலும் முதலில் கன்னம்தான். வீட்டிலும் இந்தப் பழக்கம் விடவில்லை. வெந்நீர்ப் பை, பால் பாக்கெட் எதையும் கன்னத்தில் வைக்காமல் உள்ளே விடமாட்டாள்.

"என்னையும் இப்படி அமுக்கிப் பாத்துட்டுத்தான் கழுத்த நீட்டுனா" என்று கணவர் வந்தவர்களிடம் சொல்வார்.

"அன்னைக்கு எனக்குச் சளி. சரியாத் தெரியல" என்பாள் அவள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அண்ணன். மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்தவர். வலது கையில் இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. பொத்தான் போட அண்ணி வரவேண்டும். மின்சாரம் தாக்கிய அன்று அவர் கையுறை போட்டுத்தான் இருந்தார். "அதை யாருண்ணா செக் பண்ணது?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "யாரோ கையெழுத்துப் போட்டிருந்தாங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்தக் கோபமும் சேர்ந்து இவளிடம் வந்துவிட்டது.

எந்தப் பட்டறையிலிருந்து வரும் பெட்டியைத் திறந்தாலும் வியர்வையும் கிரீஸும் முகப் பவுடரும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். அந்தக் கையுறைகளில் கொஞ்சம் கத்தரிக்குப் போகும்; தேறாத கையுறையைக் குப்பையிலிருந்து யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக வெட்டிப் போடுவது சோதனைக்கூடத்து வழக்கம். ஒரே ஒரு பட்டறையின் பெட்டியில் மட்டும் புது ரப்பர் வாடை. அந்தக் கையுறைகள் ஒவ்வொரு முறையும் தேறின. எப்போதும் தேறுவதைத் திறமை என்று சொல்லலாம். தேர்வுக்கே போகாதவன் தோற்றதில்லை என்பதும் உண்மைதான். இந்த முறை பெட்டி அனுப்ப வேண்டாம், நானே வருகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பினாள்.

அந்தப் பட்டறையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் மரக் கைகளில் மாட்டப்பட்டு, விளக்கு வெளிச்சத்தில், இரண்டு ஜோடிக் கையுறைகள் நகைக்கடை வளையல் மாதிரி நின்றன. மேலாளர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

அவள் அலமாரியைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு வண்டி தூக்கியில் ஏறி நின்றது. அதன் அடியில் ஓர் உயரமான மெக்கானிக், கைகளில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"தம்பி, பேட்டரி பிளக்க உருவிட்டியா?"

"இல்லக்கா. இப்பத்தான் உருவப் போறேன்."

"உருவாத. கையில இருக்கறதக் கழட்டிக் குடு."

அவன் மேலாளரைப் பார்த்துக்கொண்டே கழற்றினான். ஸ்பானர் டிராயருக்குள் மடித்துத் திணித்து வைத்த கையுறை. மடிப்பில் வெடிப்புகள் ஓடியிருந்தன. அவள் சுருட்டி, அமுக்கி, கன்னத்தில் வைத்தாள். கட்டைவிரல் கவட்டிலிருந்து காற்று வந்தது, சூடான காபியை யாரோ பக்கத்தில் நின்று ஊதுவது போல.

"இதப் போட்டுக்கிட்டு எப்பவாவது ஏதாவது தெரிஞ்சுதா?"

"ரெண்டொரு தடவ சுருக்னுச்சுக்கா. மனப்பிரமைன்னு விட்டுட்டேன்."

"இந்த நெட்டைக்குக் கதவுக் கைப்பிடியத் தொட்டாலே ஷாக் அடிக்கும்க்கா" என்றான் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்டிருந்த இன்னொரு மெக்கானிக்.

"போடா சோடாபுட்டி. நீ மட்டும் என்ன, ஷாக்குக்குப் பயந்து ஒத்தக் கையாலதான மீட்டர் பிடிக்கற?"

மேலாளர் வந்து நின்றார். "மேடம், அது உங்க லிஸ்ட்லயே இல்ல. நீங்க பாக்க வேண்டியது வெளிய இருக்கு."

"இவங்க கையில இருக்கறது எந்த லிஸ்ட்ல சார் இருக்கு?"

"பிளக்க உருவிட்டா கரண்டே கெடையாது மேடம். நானும் மெக்கானிக்கா இருந்து வந்தவன்தான்."

"கரண்ட் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"மீட்டர் வெச்சுப் பாத்து."

"மீட்டர் வைக்கற நேரத்துல கரண்ட் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

அவர் கையிலிருந்த சாவியை மறுபடி இடுப்பில் செருகினார். தெரியாமல் செய்பவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். இவருக்குத் தெரியும். தெரிந்தே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகிறார். அவளுக்குக் காது மடல்கள் சூடேறின.

"நல்லத எதுக்கு சார் பூட்டி வெச்சிருக்கீங்க?"

"தலைமை ஆபீஸ்ல இருந்து வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. இவனுங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல கரியாயிடும்."

"கரியாகத்தான சார் அத வாங்குறது? கன்னத்தக் காட்டுங்க."

"என்னது?"

அவள் கையுறையை மறுபடி சுருட்டி அவர் கன்னத்தருகே கொண்டுபோய் அமுக்கினாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"படுதா?"

சோடாபுட்டி சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"படுது" என்றார் மேலாளர், கன்னத்தைத் துடைத்தபடி.

அவள் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். நெட்டையின் ஜோடியை முதலில் வெட்டினாள், பிறகு அதே மாதிரி காற்று கசிந்த சோடாபுட்டியின் ஜோடியை.

"மேடம்! வண்டி மேல நிக்குது. கஸ்டமர் வெளிய உக்காந்திருக்காரு!"

"உக்காரட்டும். சோபா நல்லாத்தான் இருக்கு, பாத்தேன்."

வேறு வழியில்லாமல் அலமாரி திறந்தது. அந்தக் கையுறைகள் இந்த முறையும் தேறின. தேறியதற்கு அவள் முதன்முறையாக எரிச்சல்பட்டாள். மார்க்கர் பேனாவைத் திறந்து, மணிக்கட்டு ஓரத்தில் கொட்டை எழுத்தில் 'நெட்டை' என்று எழுதினாள்.

"ஐயையோ, அதுல எழுதாதீங்க! அப்புறம் எப்படி அத உள்ள வைக்கிறது?"

"வைக்க முடியாது சார். அதுக்குத்தான் எழுதுறேன்."

"எனக்கு முழுசா சோடாபுட்டின்னே போடுங்கக்கா" என்றான் மற்றவன். "வெறும் சோடான்னு போட்டா எவனாவது குடிக்க எடுத்துட்டுப் போயிடுவான்."

நெட்டை புதுக் கையுறைகளை மாட்டிக்கொண்டு பிளக்கை உருவினான். வண்டிக்குள் தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து மீட்டரை வைத்தான்.

"ஜீரோக்கா."

முன்கூடத்துக்குத் திரும்பினாள். காலி மரக் கைகள் மேல் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில், வரும்போது கவனிக்காத ஒரு சட்டகம்: 'பணியாளர் பாதுகாப்பு உபகரணங்கள் சோதிக்கப்பட்டவை.' கீழே கையெழுத்து. சுழித்து இழுத்த கடைசி எழுத்தோடு, அவளுடையது. வண்டியின் அடியில் ஒருவன் கை சுருக்கென்று இழுத்துக்கொண்ட நாட்களிலெல்லாம் அது இங்கே பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது.

யாரோ கையெழுத்துப் போட்டிருந்தாங்க.

சட்டகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நான்கு மூலையிலும் திருகாணி.

"சார்" என்றாள் திரும்பாமல். "ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."