அசன் மைதீன் சாரின் ஆறாவது அட்டை

கல்லூரிப் பியூன் சுற்றறிக்கையை நீட்டியபோது நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வரலாற்றுத் துறையின் முன்னாள் பேராசிரியர் அசன் மைதீன் காலமானார் என்று மலையாளத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் பேராசிரியர் என்ற சொல் உறைத்தது. சார் ஒருநாளும் பேராசிரியராக இருந்ததில்லை. விரிவுரையாளராக வந்தார், விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். உயிரோடு இருந்தவரை கொடுக்க மனம் வராத பதவியை, செத்த மறுநாள் ஒரு காகிதத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, காயல்பட்டினத்தில் அரபி படித்து, திருவனந்தபுரத்துக்கு வரலாறு கற்பிக்க வந்தவர். இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டில் ஈராக்கின் கூஃபா நகரத்தில் நடந்தவைதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் காலத்துச் செய்திகள் வாய்வழியாக வந்தவை. இவரிடம் அவர் கேட்டார், அவரிடம் இன்னொருவர் கேட்டார் என்று ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஓர் அறிவிப்பாளர் தொடர் இருக்கும். சார் ஒவ்வோர் அறிவிப்பாளருக்கும் ஒரு தடித்த அட்டை போட்டு, அவர் நேர்மையானவரா, நினைவாற்றல் உள்ளவரா என்று இரண்டு வரியில் மதிப்பெழுதி வைப்பார். இடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தச் செய்தியைத் தொடமாட்டார்.

இந்தப் பழக்கத்தை நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. ஒருமுறை விழிஞ்ஞத்துக்குப் போகக் கிழக்கேகோட்டையில் நின்றோம். அன்றைக்குப் பஸ் ஓடாது என்றார் ஒருவர். "நீரு கண்டேரா, கேட்டேரா?" என்று சார் ஆரம்பித்தார். கேட்டதுதான் என்றார் அவர். யாரிடம் கேட்டார் என்று பழக்கடை வரைக்கும் போய் விசாரித்துத் திரும்புவதற்குள் விழிஞ்ஞம் பஸ் வந்து போய்விட்டது. "பாத்தேரா தாணு சாரே, சொன்னது பொய்யின்னு தெரிஞ்சாச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நடந்தே பாதி வழி போனோம்.

அவரை வைத்துச் சிரிப்பது எங்களுக்கெல்லாம் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம்தான் அவரைக் கெடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வணிகர் அறக்கட்டளை எங்கள் கல்லூரியில் இஸ்லாமிய வரலாற்றுக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்த முன்வந்தது. சார் எழுதி வைத்திருந்த கூஃபா நூலையும் அச்சிடுவதாக ஏற்பாடு. சாரை விட்டால் அதற்கு வேறு ஆளில்லை என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அந்த நாட்களில் ஒரு மாலை, சாலைக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது துணிக்கடை செய்யது சாரைப் பற்றி விசாரித்தார். நான் சொன்னேன்: "எங்க அசன் சாரா? அவரு ஆதி காலத்துப் பெரியவங்களுக்கே மார்க்குப் போடுத ஆளாக்கும். பாதிப் பேரு பெயிலு!" நான்கு பேர் சிரித்தார்கள். எனக்கும் நாக்கு இனித்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வாரத்தில் அந்த வேடிக்கை, நபித்தோழர்களையே பொய்யர்கள் என்று அசன் மைதீன் வகுப்பில் சொல்கிறார் என்று மாறி அறக்கட்டளைச் செயலாளரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. சார் அவர்களை எடை போட்டவரே அல்ல. அவர் எடை போட்டது அவர்களுக்குப் பின்னால் வந்து செய்தி சொன்னவர்களை. அந்த வித்தியாசத்தைக் கேட்க யாருக்குப் பொறுமை?

நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் யார் காலிலாவது விழுந்திருப்பார்கள், அல்லது யார் சட்டையையாவது பிடித்திருப்பார்கள். சார் அட்டைகளை எடுத்தார். செயலாளரிடம் தொடங்கி, அவருக்குச் சொன்னவர், அவருக்குச் சொன்னவர் என்று கடை கடையாக நடந்து ஐந்து பெயர்களை எழுதினார். ஆறாவது அட்டையோடு ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தாணு சாரே, ஒரு காரியம். செய்யது உம்மகிட்டருந்து கேட்டதாச் சொல்லுதாரு. உமக்கு யாரு சொன்னது?"

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. கல்லூரி நிர்வாகம் முழுவதும் அறக்கட்டளைக்காரர்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன், நியாயமாக அல்ல.

"ஓர்மையில்ல சார், மறந்துபோச்சு. யாரோ பேசிக் கேட்டதுதான்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். அட்டையில் ஏதோ எழுதி, பையில் வைத்துக்கொண்டார். வெட்கம் கெட்டுப்போய், முதல்வரிடம் முறையிடும்படி நானே அவருக்கு யோசனையும் சொன்னேன். "தொடரு அறுந்து கெடக்கு சாரே. அதை வச்சு ஒரு மனுசனைக் குத்தம் சொல்லப்பிடாது" என்றார். ஐந்து அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டியிருந்தாலே பாதி ஊர் வாயடைத்திருக்கும். அவர் காட்டவில்லை. எனக்கு அவர்மேல் இன்றும் ஆத்திரம் வருகிறது. வதந்தியால் அடிக்கிறவர்களிடம் சான்று பார்த்துக்கொண்டு நின்றாரே!

பதவி, முகலாயர் காலத்து நிலவரி பற்றி எழுதிய ஒருவருக்குப் போயிற்று. கூஃபா நூல் அச்சேறவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதன் பிறகும் சார் தினமும் என்னோடுதான் தேநீர் குடித்தார். இளையவர்களான அந்நியர்கள் தனக்கு மேலதிகாரிகளாக வருவதைப் பார்த்தார், அவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். ஒவ்வொரு வணக்கத்தையும் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

நேற்று இரங்கற் கூட்டம். அவரைப் பற்றி எரிமலை, இமயமலை என்றெல்லாம் பேசினார்கள். அன்று அவருக்கு அந்தப் பதவி கூடாது என்று மனுவில் கையெழுத்திட்ட ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆண்டு மலருக்கு நான் எழுத வேண்டும் என்றும், கசப்பானதெல்லாம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் சாரின் மகள் ஆயிஷா ஒரு காகித உறையை என் கையில் கொடுத்தாள். "வாப்பாக்கு ஒங்க மேல ரொம்ப விசுவாசம் மாமா. ஒங்க பேரு எழுதுன அட்டை இது ஒண்ணுதான். ஒங்களுக்கு இருக்கட்டும்" என்றாள்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அது மட்டுமே. மேலே என் பெயர். கீழே அவருடைய சிறிய எழுத்தில் இரண்டு வரி: "நேர்மையானவர். நினைவாற்றல் குறைவு."

வாழ்நாள் முழுவதும் ஆயிரம் பேரை எடை போட்டவர், இரண்டு வரியிலும் தவறிவிட்டார். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.