வெள்ளி விழாவில் ஊதிய சங்கு

நான் படித்த ஆரம்பப் பள்ளிக்கு இந்த வருஷம் வைர விழா. பழைய மாணவர்கள் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். விழா மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத என்ன இருக்கிறது? இதே பள்ளியின் வெள்ளி விழாவில் சங்கு ஊதினேன். அது இருக்கிறது.

நெய்வேலியில் சங்கு என்றால் சுரங்கத்துச் சங்குதான். ஷிப்ட் மாறும்போது ஊதும். அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். ஆனால் நேரமில்லாத நேரத்தில் ஊதினால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆண்கள் சைக்கிளை எடுப்பார்கள், பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம் பக்கம். அப்பா ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்து, நிலக்கரி போகும் பெல்ட் ஓரமாக வேலை செய்தார். நகரியத்தை ஒட்டி ஒரு கூரை வீட்டில் குடியிருந்தோம். பெல்ட் ஓடும் இடத்தில் பேச்சு எடுபடாது; வேலையாட்கள் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சோறு போடட்டுமா என்பதையும் கையாலேயே கேட்பாள். அப்பா பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தத் தெருவில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் பேசினார்கள். அதனால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வெள்ளி விழா வந்தது. பெரிய டீச்சர் சுரங்கத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் வேலை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். என் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு வசனம், அதுவும் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் என் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"பேச வரலேன்னா என்னடா? கை இருக்குல்ல?"

மறுநாள் எங்கிருந்தோ ஒரு கைச்சங்கு வாங்கி வந்தார். இரும்பில் குடம் போலிருக்கும், பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் சுரங்கத்துச் சங்கு மாதிரியே ஊதுமாம். ஒத்திகையில் மட்டும் சுற்றக் கூடாது, ஊரே பதறிக்கொண்டு ஓடிவரும் என்றார். அதனால் நான் சும்மா கையை ஆட்டுவேன், மற்ற பிள்ளைகள் வாயால் ஊ என்பார்கள். இவ்வளவு யோசித்த டீச்சர், விழா அன்றைக்கும் ஊர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் சுற்றுவது அப்பாவுக்குக் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை. அவரும் தன்னோடு வேலை செய்பவரிடம் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டு வந்துவிட்டார். பந்தலில் முன் வரிசையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். பக்கத்து வரிசையில் அப்பாவின் மேஸ்திரி. மேடைக்கு எதிரே மாலையோடு ஒரு பெரிய அதிகாரி.

நாடகத்தில் ஷிப்ட் முடியும் காட்சி வந்தது. படுதாவுக்குப் பின்னால் டீச்சர் என் முதுகில் கை வைத்தார். "ம், சுத்து. கடைசி வரிசைக்கும் கேக்கணும்."

இரண்டு கையாலும் சுற்றினேன். முதலில் உறுமியது, பிறகு ஏறி ஏறிப் பந்தலையே பிடித்து ஆட்டியது. படுதா இடுக்கில் பார்த்தேன். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பந்தல் முழுக்க எழுந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் சரிந்தன, சைக்கிள் ஸ்டாண்டுகள் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு அம்மா மட்டும் தன் வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட்டில் இருக்கிறாரே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அதிகாரி மாலையோடு ஜீப்பை நோக்கி ஓடினார். அட்டைத் தொப்பி போட்ட சுரங்கத் தொழிலாளிகள் மேடையில் அழ ஆரம்பித்தார்கள். டீச்சர் மைக்கைப் பிடித்து, இது நாடகம், நாடகம் என்றார். என் சங்குக்கு முன்னால் மைக் எடுபடவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அத்தனை பேரில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா படுதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதே சிரிப்போடு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தேடி ஓடப்போன மேஸ்திரி அவர் எதிரில் நின்றுவிட்டார்.

"யோவ், சங்கு ஊதுது, நீ என்னாயா குந்திகினுகிற?"

அப்போதுதான் அப்பா திரும்பிப் பந்தலைப் பார்த்தார். முகம் மாறியது. பாதி எழுந்துவிட்டார். அம்மா அவர் தொடையில் கையை வைத்து அழுத்தி, முகவாயால் படுதாவைக் காட்டி, உள்ளங்கை இரண்டையும் ஒரு தடவை சேர்த்தாள். உடனே அப்பா கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். காலிப் பந்தலில் ஒரே ஒரு ஆள் கைதட்டுவதைப் பார்த்ததும் ஓடியவர்கள் நின்றார்கள். ஒருவர் சிரித்தார், அடுத்தவர் சிரித்தார். ஜீப்பைத் திரும்பக் கூப்பிட யாரோ ஓடினார்கள். டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் மைக்கில், இவர் ஒருவர்தான் பதறாமல் உட்கார்ந்து நாடகம் பார்த்தார், இவருக்கு எல்லாரும் கைதட்டுங்கள் என்றார். பந்தலே தட்டியது. அப்பாவும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கூடச் சேர்ந்து தட்டினார். மேஸ்திரி அவர் தோளில் அடித்து, தைரியசாலிய்யா நீ என்றார்.

நான் ஐந்தாவது முடித்த வருஷம் அப்பாவுக்கு வேலை நின்றது. சங்கு காதில் விழாதவனை எப்படி உள்ளே அனுப்புவது என்று அந்த மேஸ்திரிதான் வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். நான் சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனேன். வெள்ளி விழா நாளிலேயே அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது என்று அப்போதுதான் அம்மா சொன்னாள்.

"மேஸ்திரி கேட்டதும் எனக்கு உசுரே இல்ல. அவர ஓட வுட்டிருந்தா, இவ்ளோ நேரம் ஏன் குந்திகினு இருந்தன்னு கேப்பாங்க. அதான் தட்டச் சொன்னேன்."

அந்தக் கைதட்டலில்தான் அப்பாவின் வேலை இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. நான் நாலாவதும் ஐந்தாவதும் படித்தேன். இன்று இதை எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வந்தது அதனால்தான். பேச வராதவனுக்கும் ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்த டீச்சருக்கும், கையசைவில் என் படிப்பைக் காப்பாற்றிய அம்மாவுக்கும் இந்த மலரில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று விழா முடிந்து சைக்கிளில் திரும்பினோம். நான் முன் பாரில், அம்மா பின்னால் கேரியரில். கேட்டுச்சா கேட்டுச்சா என்று நான் வழியெல்லாம் நச்சரித்தேன். அம்மா அப்பாவின் முதுகைத் தட்டினாள். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி சைக்கிளை நிறுத்தி, குனிந்து என் வாயையே பார்த்தார். இன்னொரு தடவை கேட்டேன்.

"கேக்காம என்னாடா? முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்."

முதலில் மெதுவாக, பிறகு பெரிதாக ஊதினேனே, அதுவும் கேட்டதா என்றேன். அதுவும் கேட்டது என்றார். எந்த இடம் ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். கொஞ்சம் யோசித்து, கடைசியில் என்றார். பின்னால் அம்மா மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.