புங்கமேட்டுக்கு வைத்த பெயர்

என் தம்பி மகளுக்குச் சென்னையில் ஆப் வரைகிற வேலை. போனைத் தொட்டதும் வருகிறதே, அதில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும், தொட்டால் என்ன வர வேண்டும் என்று முதலில் வரைந்து கொடுப்பது அவள்தான். நான் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. குனிந்து நாற்று நட்டே இந்த வயதுக்கு வந்தவள் நான். எங்கள் வீட்டுப் பெண் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்றால் சொல்லிக்கொள்ளத்தான் செய்வேன்.

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். பேருந்துப் பலகையைப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும். இதை எழுதவும் அப்படித்தான் நேரமாகிறது. ஆகட்டும். எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

போன வருஷம் சித்திரையில் ஊருக்கு வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே புதிதாகச் செய்கிற ஆப்பைப் பற்றிச் சொன்னாள்.

"வேன் வெச்சிக்கிட்டு தஞ்சாவூரு, வேளாங்கண்ணின்னு போறாங்கல்ல அத்தை, கட்டுச்சோத்த எங்க இறங்கிப் பிரிக்கிறதுன்னு தெரியாம ரோட்டோரம் நிப்பாங்க. அவங்களுக்குத்தான் இது. பக்கத்துல எங்க நெழல் இருக்கு, தண்ணி இருக்கு, முப்பது நாப்பது பேரு சேந்து உக்காரலாமா, வண்டி நிறுத்தலாமா, எல்லாம் காட்டும்."

"உக்கார எடம் தேடறதுக்கு ஒரு ஆப்பா?"

"ஆமா அத்தை. சிரிக்காத."

"நான் சிரிக்கல. நல்ல காரியந்தான். அப்ப நம்ம புங்கமேட்டையும் அதுல போடு."

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "போட்டுடலாம்" என்றாள்.

புங்கமேடு என்பது வாய்க்கால் கரை. எங்கள் தெற்குத் தெருவுக்கும் பாலத்துக்கும் நடுவில், வரிசையாகப் புங்க மரங்கள். அவை தானாக முளைத்தவை அல்ல. முன்பெல்லாம் நடவு முடிந்து வருகிற பெண்கள் காலாற உட்கார மதகுக் கட்டையைத் தவிர வேறு இடம் கிடையாது. அதிலும் கோயிலைச் சுற்றியிருக்கிற ஊர்த் தெரு ஆள் யாராவது சைக்கிளில் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். சோற்று வாளியை மூடிவிட்டு எழுந்திருப்போம். அவர் போனதும் உட்காருவோம். இன்னொருவர் வருவார். நூறு நாள் வேலையில் மரக்கன்று வைக்கச் சொன்னபோது நான்தான் மேஸ்திரியிடம் சண்டை போட்டு இந்தக் கரையில் வைக்கச் செய்தேன். வாய்க்கால் வறண்டு கிடந்த கோடையில் தெருக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினோம். இப்போது நல்ல அடர்த்தியான நிழல். அங்கே உட்கார்ந்தவர்கள் யாருக்காகவும் எழுந்திருக்க வேண்டியதில்லை. அது என் தம்பி மகளுக்கும் தெரியும். குடம் சுமந்தவர்களின் பின்னால் ஓடிவந்தவள்தான் அவளும்.

ஆடியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, இடங்களைப் பார்க்க ஆபீஸ் ஆட்களோடு காரில் வந்தாள். அவளுடைய மேலதிகாரி அம்மா ஒருவர், படம் எடுக்கிற பையன் ஒருவன். "எங்க அத்தை" என்று என் தோளில் கைபோட்டுத்தான் சொன்னாள். அதில் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா மரங்களை அண்ணாந்து பார்த்து, "யாரு வெச்சதும்மா இதெல்லாம்?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "ஊர்க்காரங்க எல்லாம் சேந்து வெச்சது மேம். எங்க கோயில் தோப்பு இது." சொல்லிவிட்டுத் தூரத்தில் தெரிகிற கோபுரத்தைக் கைகாட்டினாள்.

ஏதோ வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன். அதிகாரி எதிரே நிற்கிற பதற்றத்தில் ஒரு வார்த்தை முன்னே பின்னே வரும். நான் பேச்சை மாற்றி, "வீட்டுக்கு வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போவீங்களாம்" என்றேன்.

"தெருவுல ரோடு வேல நடக்குது மேம், கார் போவாது."

"நடந்தே போகலாமே, பக்கந்தானே?" என்றார் அந்த அம்மா.

"லேட்டாயிடும் மேம். இன்னும் கீழ்வேளூர் வரைக்கும் போகணும்."

எங்கள் தெருவுக்கு சிமெண்டு ரோடு போட்டு ஓரமெல்லாம் பெயர்ந்தே போய்விட்டது. எந்த வேலையும் நடக்கவில்லை. வாங்கி வைத்த பாலை உறை ஊற்றினேன். அந்த வாரம் முழுக்கத் தயிர்தான்.

ஆப் வந்ததும், என்னோடு நடவில் பக்கத்தில் நின்று நட்ட சிநேகிதி தன் மகன் போனில் அதை ஏற்றி எடுத்து வந்தாள். இருவரும் புங்கமேட்டிலேயே உட்கார்ந்து பார்த்தோம். பச்சைப் புள்ளி ஒன்று. தொட்டால் எங்கள் மரங்கள், எங்கள் வாய்க்கால், அழகாகத்தான் இருந்தது. நிழலுக்கு ஒரு படம், தண்ணீருக்கு ஒரு படம். கீழே இருந்ததை நான் எழுத்துக் கூட்டினேன். கோயில் தோப்பு. பழமையான கோயிலுக்குச் சொந்தமான அமைதியான இடம்.

"கோயிலுக்கு சொந்தமாம்ல" என்றாள் சிநேகிதி. "கொடம் தூக்குன இடுப்பு யாருக்கு சொந்தம்னு போடலியா? நல்லாத் தேடிப் பாரு, உள்ளார எங்கனாச்சும் இருக்கும்."

அன்றைக்கே தம்பி மகளுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். வெளியூர்க்காரர்கள் யாரும் தெற்குத் தெரு என்று தேட மாட்டார்களாம். கோயில் என்று போட்டால்தான் கண்ணில் படுமாம். பெயர் வைப்பதும் வரைகிற வேலையில் ஒரு பகுதியாம். அவள் படித்தவள். எனக்குப் பாதி நம்பிக்கையாக இருந்தது. மீதியை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வேன்கள் வரத்தான் செய்தன. கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் குடும்பம் வந்தது. பெரியவர்கள், பிள்ளைகள், கைக்குழந்தை, பெரிய சட்டியில் பிரியாணி. ஆனால் இறங்காமல் வேனிலேயே இருந்தார்கள். ஓர் அம்மா மட்டும் இறங்கி வந்து கேட்டார். "கோயில் தோப்புன்னு போட்டிருக்கு. நாங்க உக்காந்து சாப்பிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? கறிச் சாப்பாடு."

"கோயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எங்க தெரு எடம் இது. பாயை நல்லா விரிச்சி உக்காருங்க."

வயிறு நிறையச் சாப்பிட்டு, எங்களுக்கும் ஒரு தட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களாவது கேட்டார்கள். கேட்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ.

அறுப்பு முடிந்த சமயம், ஊர்த் தெரு ஆட்கள் இரும்புப் பலகை கொண்டு வந்து நட்டார்கள். கோயில் தோப்பு என்று பெரிதாக எழுதி, கீழே, அனுமதியின்றி அமரக் கூடாது என்று எழுதியிருந்தது. பலகை நட்டவர்களில் ஒருவருடைய வயலில் நான் எத்தனையோ போகம் நாற்று நட்டிருக்கிறேன். என் மகன் வயதுதான் இருக்கும். என்னை நீ என்பார், நான் நீங்க என்பேன்.

"என்னங்க இது, எங்க எடத்துல?"

"ஏன் ஆயா கத்துற? பேரு நாங்களா வெச்சோம்? ஒன் தம்பி பொண்ணு வெச்சது. ஒலகமே பாக்குது போன்ல. நாங்க எழுதித் தொங்கவிட்டோம், அவ்ளோதான்."

"அது தப்பாப் போட்டதுங்க."

"படிச்ச பொண்ணு தப்பாப் போடுமா?" என்று சிரித்துவிட்டு மண்ணை மிதித்து இறுக்கினார்.

அன்று சாயங்காலம் போனில் நான் சுற்றி வளைக்கவில்லை. "பேர மாத்து. தெற்குத் தெரு புங்கமேடுன்னு போடு. நாளைக்கே போடு" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அத்தை, ஆபீஸ்ல என் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருன்னு சொல்லியிருக்கேன்."

"அங்க கூடவா கேக்குறாங்க?"

"நேராக் கேக்க மாட்டாங்க. எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டுல என்ன சாப்புடுவீங்கன்னு கேப்பாங்க. ஒனக்கு அது புரியாது அத்தை."

எனக்குப் புரியாதாம்.

"பேர மாத்துனா யாரு மாத்துனது, ஏன் மாத்துனதுன்னு வரும்" என்றாள். "வேணும்னா எடத்தையே எடுத்துடறேன். ஆப்புல இல்லாமலே போயிடும். பரவால்லியா?"

பொய்ப் பெயரோடு இருப்பதா, இல்லாமலே போவதா என்று கேட்கிறாள். "எடுத்துடு" என்றேன்.

"சரி அத்தை." அந்தச் சரியில் எவ்வளவு நிம்மதி. சுமையை இறக்கி வைத்தவள் போல ஒரு மூச்சு கேட்டது. அவளைப் பெற்றவள் போன பிறகு, நான் என் முந்தானையில் போர்த்தித் தூங்க வைத்த பிள்ளை. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

பலகையை எடுக்கச் சொல்லித் தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். தாசில்தார் இரண்டு தெருவையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். வாய்க்கால் புறம்போக்கு, யாருக்கும் பட்டா கிடையாது, யார் அனுபவித்து வந்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார். ஊர்த் தெருக்காரர்கள் ஒரு கலர்த் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். ஆப்பில் இருந்ததை அவள் எடுப்பதற்கு முன்பே படம் பிடித்து வைத்திருந்தார்கள். இவர்கள் தெருப் பெண்ணே ஒப்புக்கொண்டது என்று விரலை வைத்துக் காட்டினார்கள்.

"உங்க பேருல என்னம்மா இருக்கு?" என்று தாசில்தார் என்னைக் கேட்டார்.

"மரம் இருக்குங்கய்யா."

"மரத்துல பேரு எழுதியிருக்காம்மா?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அந்தப் பெயர் பொய் என்று எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் சென்னையில் இருக்கிறாள். அதை நான் அங்கே சொல்லவில்லை. ஊர்த் தெருக்காரர்கள் முன்னால் என் வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பலகை அங்கேயே இருக்கட்டும் என்று ஆனது.

நாங்கள் இன்னும் போய் உட்காருகிறோம். கோயில் ஆள் வந்து பலகையைக் காட்டினால் சில பெண்கள் எழுந்துவிடுகிறார்கள். நானும் சிநேகிதியும் எழுவதில்லை. எங்கள் காலத்துக்குப் பிறகு யார் உட்காருவார்கள் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி மகள் போன் பண்ணுகிறாள். சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன். நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். ஆபீசில் ஏதோ வேறு ஆப் வரைகிறாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.